இரவல் போன காப்பிக் கம்பு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில், மலைநாட்டு டவுனை ஒட்டிய மஹய்யாவயில் எங்கள் கிறிஸ்தவக் கோயில் திருவிழாவுக்கு, வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் ஒரு நாடகம் எழுதினார். அதில் ஒரு நொண்டிப் பெண் வருவாள். கதையில் அவளுக்குப் பெயர் கிடையாது. ராசாவிலிருந்து வாயிற்காவலன் வரை எல்லோரும் நொண்டி என்றுதான் கூப்பிடுவார்கள். தெருவில் எனக்கும் அதுதான் பெயர். ஒத்திகை எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் நடந்ததால், ஒவ்வொரு வரியும் என் காதில் விழுந்தது.

எனக்கு அப்போது இருபது வயது இருக்கும். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போயிருந்தது. டவுனில் ஒரு தையல் கடைக்குக் காஜா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைக்குப் போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். இரண்டுக்கும் துணை ஒரு கம்புதான். பழைய காப்பி மரத்தில் அப்பா வெட்டி, என் உயரத்துக்கு இழைத்துத் தந்தது. அடுத்த வருஷம் அவர் செத்துப்போனார்.

நாடகத்துப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போயிற்று. இரக்கப்பட்டு அல்ல, அவளுக்கு வாய் இருந்தது. அரண்மனை வாசலில் நடுவழியில் உட்கார்ந்திருப்பாள். ராசா வருகிறார், தள்ளிப் போ என்று காவலன் அதட்டுவான். "ராசா சுத்திப் போகட்டும். அவருக்கு ரெண்டு காலும் இருக்கு" என்பாள். முதல் தடவை கேட்டபோது என் கையில் ஊசி அப்படியே நின்றது. டவுனில் ரிக்ஷா வந்தாலும் மாட்டுவண்டி வந்தாலும், சும்மா வீசி நடக்கிற ஆள் வந்தாலும், சாக்கடைக் கான் ஓரத்தில் ஒதுங்கி நிற்பது நான்தான். ராசா என்ன, ராசாவின் கழுதைக்கும் எழுந்து வழி விட்டிருப்பேன்.

கடைசிக் காட்சியில் புனிதர் வந்து அவளைத் தொடுவார். கம்பைப் போட்டுவிட்டு நடப்பாள். அதற்குப் பிறகு கைகூப்பி நிற்பதோடு சரி, ஒரு வார்த்தை கிடையாது. பொறுக்காமல் உபதேசியாரிடமே போய், அப்புறம் அவள் ஏன் பேசுவதே இல்லை என்று கேட்டேன்.

"கால்தான் நல்லாப் போச்சே. அதுக்கப்புறம் அவளுக்கு என்னா பேச்சு, புள்ள?" என்றார்.

நல்ல மனிதர்தான். ஆனாலும் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

பெண்கள் மேடை ஏறாத காலம். முனிசிபலில் குழாய் வேலை செய்த ஓர் அண்ணன் சேலை கட்டி அவளாக நடித்தார். நடையைப் பழக எங்கள் வீட்டுக்கு வந்து, நான் அடுப்படிக்கும் வாசலுக்கும் போய்வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள், "தங்கச்சி, ஒங்க கம்பையே குடுங்களேன். நாடகம் முடிஞ்ச கையோட தந்துர்றேன்" என்றார். நாடகத்தன்று மேடையடியில் வைத்துக் கொடுத்தேன். அவள் என் கம்பை ஊன்றி நடக்கப்போகிறாள் என்பதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

திருவிழா அன்று அவர் நன்றாகத்தான் நொண்டினார். ராசா சுத்திப் போகட்டும் என்ற வரிக்குச் சனம் கைதட்டியது. புனிதர் தொட்டதும் அவருக்கு ஆவேசம் வந்துவிட்டது. ஒத்திகையில் செய்ததுபோல் காலடியில் போடாமல், கம்பைச் சனத்துக்குள் வீசினார். தெல்தெனியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் அதை எடுத்தார்கள். அது நாடகம் என்று அவர்களுக்குத் தெரியாமலில்லை. புனிதர் பேரால் வீசியது புனிதருக்குத்தான் என்று, கோயிலுக்குள் கொண்டுபோய்ச் அவருடைய சுரூபச் சிலையின் காலடியில் சாத்திவிட்டார்கள். அண்ணன் தேடிப்போவதற்குள் அதன் முன்னால் மெழுகுதிரி எரிந்தது. சேலையோடு, வெறுங்கையோடு என் முன்னால் வந்து நின்றார். அவரும் அம்மாவும் இரண்டு பக்கமும் தாங்கி என்னை வீடு சேர்த்தார்கள்.

"சாமிக்கு வச்சதத் திருப்பி எடுத்தா குடும்பத்துக்கு ஆகாது" என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டார். அந்த வாரம் நான் கடைக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டுக் குடையை ஊன்றிப் பார்த்தேன். வாசல்படியிலேயே வளைந்துபோயிற்று, அதற்கும் திட்டு வாங்கினேன். தையல் கடைக்காரர் வேறு ஆள் பார்க்கப்போவதாகச் சொல்லியனுப்பினார். உலகத்திலேயே இல்லாத ஒருத்திக்குக் கால் வந்ததற்குச் சாட்சியாக என் கம்பு கோயிலில் நிற்க, நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மாவின் தோளை விட்டேன். சனம் உட்காரும் வாங்குகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு சுரூபத்தடிக்குப் போனேன். கம்பின் பிடியில் மெழுகு வழிந்து காய்ந்திருந்தது. யாரோ அதில் நூல் கட்டியிருந்தார்கள். எடுத்து ஊன்றித் திரும்பினேன். திரி கொளுத்த வந்த சனம் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அம்மா முக்காட்டை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டார்.

உபதேசியார் ஓடிவந்தார். "அது சாமிக்குப் போன பொருள், புள்ள. அங்கயே வச்சிட்டுத் தள்ளிப் போ. சனம் வருதுல்ல?"

எனக்குப் பயம்தான். ஆனாலும் கம்பை விடவில்லை.

"சனம் சுத்திப் போகட்டும்" என்றேன். "அவுங்களுக்கு ரெண்டு காலும் இருக்கு."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அது தன் கையால் எழுதிய வரி என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். திரும்பி, பின்னால் நின்றவர்களுக்கு மறுபக்கத்து வழியைக் காட்டினார்.