டாக்டரம்மாவின் சுண்டுவிரல் நகம்

என் வீட்டுக்காரருக்கு ரத்தப் புற்றுநோய். அதை ஆராய்ச்சி பண்ணுகிற டாக்டரம்மா ஒருத்தர் வடகரப்பதியில் இருக்கிற எங்க வீட்டுக்கே வந்தார். நரைத்த கிராப்பு. எதை எடுத்தாலும் கவரில் போட்டு ஒட்டி, மேலே எழுதிய பேரை இரண்டு தடவை வாய்விட்டுப் படிப்பார். ரத்தம் எடுத்துவிட்டு, வீட்டுக்காரர் நகமும் வேணும் என்றார்.

நகம் கேட்கிறது செய்வினை வைக்கிறவங்கதானே?

"ஏனுங்க, நகம் எதுக்குங்க?"

"ரத்தத்துல நோய் கலந்திருச்சுங்க. நகத்துல இருக்கிற மரபணு பொறந்தப்ப இருந்தபடியே இருக்கும். ரெண்டையும் ஒப்பிட்டாத்தான் எது மாறுச்சுன்னு தெரியும்."

நம்பவில்லை. உள்ளே போய் என் நகத்தை வெட்டிக் கொடுத்தேன்.

மறுமாசம் திரும்பி வந்தார். "அது பொம்பள நகமுங்க. இருபது வருச ஆராய்ச்சில எனக்கு இது புதுசில்லைங்க."

தன் சுண்டுவிரல் நகத்தை வெட்டிக் கவரில் போட்டு, தன் பேரை இரண்டு தடவை படித்து நீட்டினார். "இது உங்ககிட்ட இருக்கட்டுங்க."

அப்புறம்தான் வீட்டுக்காரர் நகத்தைக் கொடுத்தேன். அவருக்குக் குணமாகட்டும். அதுவரைக்கும் அந்தக் கவர் என் பீரோவில்தான் இருக்கும்.