பக்கத்துப் படுக்கைக்காரர்

என் அண்ணன் மனைவி சங்கரிக்கு வாய் சும்மா இருக்காது. எங்கள் பிள்ளையார்பாளையத்தில் சாயம் தோய்த்த பட்டு நூலை யாராவது தெருவில் எடுத்துக்கொண்டு போனால், எந்தப் புடவைக்கு, எந்த ஊர்க் கல்யாணத்துக்கு என்று கேட்காமல் விடமாட்டாள். சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆன பிறகாவது அடங்குவாள் என்று நினைத்தேன். எங்கே! ஊசி குத்திய கையை அசைக்காமல் படுத்தபடியே, வாயால் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் அறை முழுக்கச் சுற்றி வந்தாள். துணைக்குப் போகும் எனக்குத்தான் மானம் போகும்.

பக்கத்துப் படுக்கை கதிர்வேல் அவளிடம் நன்றாக மாட்டிக்கொண்டார். வாலாஜாபாத் பக்கம் விவசாயம் செய்கிறவர், கதை சொல்வதில் கெட்டிக்காரர். ஒரு புதன்கிழமை தன் கல்யாணக் கதையை எடுத்தார். முகூர்த்தம் நெருங்கிவிட்டது, மேளக்காரர் தயார், தட்டில் தாலியைக் காணோம். அந்த இடத்தில் அவருடைய மெஷின் கத்தியது. நேரம் முடிந்துவிட்டது.

"மீதிய வெள்ளிக்கெழம சொல்றேன்கா" என்று கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை.

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு படுக்கை காலியாக இருந்தால் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். என்ன பதில் வருமோ என்ற பயம். அண்ணி மட்டும் கேட்டாள்.

"கதிர்வேலு எங்கமா?"

போன் செய்தால் எடுக்கவில்லை என்று நர்ஸ் இளவரசி மெதுவாகச் சொன்னாள்.

"எடுக்கலன்னா? ஆளு இருக்காரா இல்லியா?"

அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அண்ணி அதைக் கண்டுகொண்டால்தானே! ஊசியை எடுத்ததும், நிற்கவே தள்ளாடுகிறவள் என்னை இழுத்துக்கொண்டு வாலாஜாபாத் பஸ்ஸில் ஏறிவிட்டாள். தாலி என்ன ஆனது என்று தெரியாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராதாம்.

விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். கதிர்வேல் கட்டிலில் கிடந்தார். முகமும் காலும் வீங்கி, மூச்சு வாங்கியது.

"மெஷினுக்காவே பொழச்சிக்கினு இருக்கறது ஒரு பொழப்பாக்கா? போதும்" என்றார். அவர் மனைவி மஹாலட்சுமி கெஞ்சிக் கெஞ்சி ஓய்ந்து போயிருந்தாள்.

அண்ணி புத்தி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"தாலி எங்க இருந்துது தம்பி?"

கதிர்வேலுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. மஹாலட்சுமி பதில் சொல்ல வாயெடுத்தாள்.

"நீ சொல்லாதமா. அவரே அங்க வந்து படுத்துக்கினு சொல்லட்டும்."

வெகுநேரம் கழித்து அவர் தன் சட்டையைக் கேட்டார். ஆட்டோ பிடித்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்த்தோம். டாக்டர் எல்லோரையும் சேர்த்துத் திட்டினார்.

மெஷினில் போட்டு மூச்சு கொஞ்சம் சீரானதும் கதிர்வேல் சொன்னார்: "என் சட்ட ஜோபிலதான் இருந்துதுகா. பத்திரமா இருக்கட்டும்னு நானே எடுத்து வெச்சிக்கினு, பதட்டத்துல மறந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணி சிரிக்கவில்லை.

"இதுக்காவா அவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று கேட்டார் அவர்.

அண்ணியின் கண் கலங்கியது. நோய் வந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

"பக்கத்து பெட்டு காலியா இருந்தா, அடுத்தது நான்தானோன்னு பயமா இருக்குது தம்பி. கதையெல்லாம் வாணாம். நீ வந்து படுத்தா போதும்."

கதிர்வேல் அண்ணி பக்கம் தலையைத் திருப்பினார்.

"எனக்கும் அந்த பயந்தான்கா" என்றார். "நாளான்னிக்கு வரேன்."