ஒருத்தனுக்கு எதுக்கு ஏசி

அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காவது மாடி. "ஊருக்கெல்லாம் லிஃப்ட், உனக்கு மட்டும் படியா?" என்று கேலி செய்யாத ஆளில்லை. பகலெல்லாம் இருட்டுக் குழிக்குள் தனியாக நிற்பான். ஒரு வாரம் அவன் பேசிய பேச்சை எல்லாம் சேர்த்தாலும் பத்து நிமிடம் தேறாது.

சனிக்கிழமை மட்டும் வேறு. பிரிந்துபோன மனைவி, மதியம் இரண்டு மணிக்கு ஏழு வயது மகளை அவனோடு அனுப்புவாள். ஆறு மணிக்குள் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை தாமதமாகிவிட்டது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வெளிய அனுப்ப மாட்டேன். இங்கயே வந்து பாத்துட்டுப் போங்க" என்று கறாராகச் சொல்லியிருந்தாள்.

அவனிடம் ஒரு பழைய கார் இருந்தது. ஒருத்தனுக்கு எதுக்கு ஏசி, பெட்ரோல்தான் தண்டம் என்று கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டுவான். மகளுக்கும் முகத்தில் காற்று அடித்தால்தான் பிடிக்கும். ஏசியைத் தொடாமலே இரண்டு வருடம் ஓடிவிட்டது.

ஒரு சனிக்கிழமை ஐந்தரைக்குத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஓடிவந்து ஏறியதில் இருவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். ஜன்னல்களை ஏற்றிய கொஞ்ச நேரத்தில் முன்கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாக ஆவி படர்ந்துவிட்டது. ஏசியைப் போட்டான். வெதுவெதுப்பான காற்றுதான் வந்தது. துணியால் துடைத்தான், துடைத்த இடம் மறுபடி வெளுத்தது. ஜன்னலை இறக்கினால் மகள்மேல் சாரல். எதிரே வந்த லாரியின் விளக்கு கண்ணாடி முழுக்கப் பரவியது. சாலையே தெரியவில்லை. "கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று ஒரு சைக்கிள்காரர் கத்திக்கொண்டே ஒதுங்கினார்.

மழையில் துடைத்துத் துடைத்து எத்தனையோ முறை ஓட்டியிருக்கிறான். அப்போதெல்லாம் பக்கத்து இருக்கை காலி. மூடிக்கிடந்த பெயின்ட் கடை வாசலில் காரை ஏற்றி நிறுத்தினான்.

"உன் காருக்கு ஜலதோஷம்ப்பா" என்றாள் மகள்.

மனைவிக்குப் போன் செய்தான். "கண்ணாடி சுத்தமா தெரியல. மழை விட்டதும் வந்துடறோம்."

"எல்லாரும் ஓட்டிட்டுத்தானே போறாங்க? உங்களுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம்!"

மனைவி வீடு போய்ச் சேர்ந்தபோது மணி ஏழேகால். அவள் மகளை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை மெக்கானிக் காரின் முன்மூடியைத் திறந்து பார்த்தார். "ஏசில கேஸ் துளிகூட இல்லண்ணே. போடாமலே வச்சிருந்தா உள்ள ரப்பரெல்லாம் காஞ்சு, கொஞ்சம் கொஞ்சமா வெளிய போயிடும்."

"ஏசி குளிர்ச்சிக்குத்தானேன்னு விட்டுட்டேன்."

"நல்லா இருக்கே! உள்ள இருக்கற ஈரத்த இழுக்கறதே அதுதாண்ணே. காத்த முன்கண்ணாடிக்குத் திருப்பி விட்டா சீக்கிரமே தெளிஞ்சிரும். வாரத்துக்குப் பத்து நிமிஷமாவது ஓட விடுங்க."

கசிவை அடைத்து, கேஸ் நிரப்பிக்கொண்டான். அடுத்த சனிக்கிழமை அந்தக் காரில்தான் போனான். மகளோடு வெளியே போக முடியவில்லை. ஹாலில், பிளாஸ்டிக் நாற்காலியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்தான். மகள் வீட்டுப்பாடம் எழுத, அவன் பென்சில் சீவிக் கொடுத்தான். சமையலறையிலிருந்து குழாய்ச் சத்தம் வந்துகொண்டிருந்தது. நான்கு பென்சிலும் சீவியாகிவிட்டது. வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கிளம்பும்போது மனைவி வாசல்வரை வந்தாள். "அன்னைக்கு மெதுவா ஓட்டிட்டு வந்திருக்கலாம்ல?"

"நான் மட்டும்னா வந்திருப்பேன்."

கதவைப் பிடித்தபடி அவள் உள்ளே மகளைத் திரும்பிப் பார்த்தாள். "அடுத்த வாரமும் இங்கயே வாங்க" என்றாள். பிறகு, "அதுக்கப்புறம் பாக்கலாம்."

அவன் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினான்.