இடிந்த சூளைக்குள் ஆண்டவர் காட்டிய மனிதர்

விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் செய்கிறவர்களில் என்னைத் தெரியாதவர் கிடையாது. மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். களிமண் மிதிக்கப் போனேன், பிறகு சூளைக்குள் சரக்கு அடுக்குகிறவன் ஆனேன், அப்புறம் சொந்தமாகவே சூளை போட்டேன். பொம்மை, பியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, நான் சுட்டு அனுப்பாத சரக்கு இல்லை. மாடி வீடு கட்டினேன். மூன்று பெண்களையும் படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்தேன். நம் சபைக்குக் கூரை போட்டபோது ஏணியில் ஏறி நின்று தகரத்தைத் தாங்கியவனும் நான்தான். வடக்கத்தி ஆட்களை வைத்து வேலை வாங்கியே இந்தியும் கற்றேன். எல்லாம் ஆண்டவர் கொடுத்தது. ஆனால் சும்மா உட்கார்ந்திருந்தவனுக்குக் கொடுக்கவில்லை.

அப்படிப்பட்ட நான் போன ஐப்பசியில் ஐந்து நாள் உயிரோடு செத்தேன். அதைத்தான் இன்று சபை முன்னால் சாட்சியாக உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நம் சபையார் ஜங்ஷன் பக்கம் போவது உங்களுக்குத் தெரியும். வீடில்லாமல் அங்கே கிடக்கிறவர்களுக்குச் சாப்பாடு கொடுப்போம், புண்ணுக்கு மருந்து போடுவோம். பாதிப்பேர் எங்கோ போக வேண்டிய ரயிலை விட்டு இங்கே இறங்கிவிட்ட வடக்கத்திக்காரர்கள். அவர்களிடம் இந்தியில் பேசுவது லீலா சிஸ்டர். நாக்பூரில் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொருவர் பக்கத்திலும் தரையில் உட்கார்ந்து, பேர் கேட்டு, ஊர் கேட்டு, பிறகுதான் பொட்டலத்தைப் பிரிப்பார். எனக்குப் பொறுக்காது.

"ஏம்மா, சோறு ஆறிப்போவுது. நீ என்னா பொண்ணு பாக்கவா வந்த?" என்பேன்.

"நீங்க மட்டும் என்னங்கய்யா, சூளைக்கு ஆளெடுக்க வந்த மாதிரியே நிக்கிறீங்க!" என்று சிரிப்பார்.

ஐப்பசி இரண்டாம் ஞாயிறு சிஸ்டருக்குக் காய்ச்சல். எனக்கு இந்தி தெரியாதா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முன்னே போனேன். மேம்பாலத் தூண் ஓரம் ஒருவர் கிடந்தார். முப்பது வயது இருக்கும். வலது கால் யானைக்கால் மாதிரி வீங்கி, பாதத்தில் சீழ். உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் பிழைப்பார் என்று எனக்குத் தெரிந்தது. தலைமாட்டில் நின்று, "உடோ! சலோ! ஜல்தி!" என்றேன். எழுந்திரு, நட, சீக்கிரம். நல்லதுக்குத்தான் சொன்னேன்.

அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் சொல்ல முடியாது. இரண்டு கையையும் தலைக்கு மேல் வைத்துக்கொண்டார். "கிதர் ஜாத்தா!" எங்கே போகிறாய் என்று தோளைப் பிடித்தேன். உதறிவிட்டு, அந்தக் காலை இழுத்துக்கொண்டு ஓடினார். மணிமுத்தாற்றுப் பக்கம் இறங்கியதைத்தான் கண்டேன். சாயங்காலம் மழை பிடித்தது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது.

திங்கள் தேடினோம். இல்லை. செவ்வாய் முழுக்க மழை. படித்துறைக்கும் பாலத்துக்கும் நடந்தே என் செருப்பு அறுந்தது. சிஸ்டர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ஐயா, நீங்க பேசுறது இந்திதான். அதுல ஒரு ஆள உக்கார வெக்கிற வார்த்தை ஒண்ணாச்சும் இருக்குதா?"

யோசித்தேன். தூக்கு, போடு, வா, போ, சீக்கிரம். இருபது வருஷம் வடக்கத்தி ஆட்களோடு இருந்தும், சாப்பிட்டாயா என்பதற்கு எனக்கு இந்தி தெரியாது. வலிக்கிறதா என்று ஒருத்தனையும் கேட்டதில்லை.

"எங்கயோ அடிச்சு வேலை வாங்குன எடத்துலேர்ந்து தப்பிச்சு வந்திருப்பாரு. திரும்பப் புடிக்க வந்துட்டாங்கன்னு நெனச்சிருப்பாரு," என்றார் சிஸ்டர்.

புதன், வியாழன் சோறு இறங்கவில்லை. பட்டறைக்குப் போனால் என் குரலே எனக்கு ஆகவில்லை. ஆற்றில் எது மிதந்து வந்தாலும் கரையோரம் ஓடிப் பார்த்தேன். ஒரு உயிரை நானே தண்ணீரில் தள்ளிவிட்டேன் என்று முடிவு கட்டினேன். ஜெபிக்க முழங்கால் போட்டால் வாய் வரவில்லை. எப்போதும் நான் செய்ததையெல்லாம் சொல்லித்தான் ஆண்டவரிடம் கேட்பேன். அன்று சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளி காலை ஒரே வரிதான் வந்தது: "ஆண்டவரே, பொணமா இருந்தாலும் எனக்குக் காட்டு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால் வாசலில் அஞ்சலை நிற்கிறாள். குப்பை மேட்டில் உடைந்த பீங்கான் பொறுக்கி விற்கிறவள்.

"மொதலாளி, மூடிக் கெடக்குற பீங்கான் கம்பெனி இருக்குதுல்ல, அங்க இடிஞ்ச சூளைக்குள்ள யாரோ முனவுறாங்க. பேயோன்னு ஓடியாந்துட்டேன்."

சிஸ்டருக்குப் போன் போட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் நாலு பேர் சூளை வாயில் நின்று, "யாருய்யா உள்ள? வெளிய வா!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். காலியான சூளைக்குள் கத்தினால் குரல் இடி மாதிரி சுற்றும். உள்ளே அடுக்கியவனுக்குத்தான் அது தெரியும். எல்லோரையும் தூரப் போகச் சொன்னேன். தவழ்ந்து உள்ளே போனேன். மூலையில் அதே மனிதர் சுருண்டு கிடந்தார். அவருக்கு எட்டாத தூரத்தில் தரையில் உட்கார்ந்தேன். செவ்வாயன்று சிஸ்டரிடம் கேட்டுக் கற்ற வார்த்தைகளை மெதுவாகச் சொன்னேன். "டரோ மத்." பயப்படாதே. "கானா காயா?" சாப்பிட்டாயா? "தர்த் ஹை?" வலிக்கிறதா?

திரும்பத் திரும்பக் கேட்டபின், "ஹை," வலிக்கிறது என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு அவர் சின்னப்பிள்ளை போல அழுதார். நானும் அழுதேன். சிஸ்டர் வந்து உட்கார்ந்து பேர் கேட்டார். மங்ரு என்றார்.

பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. ஞாயிறே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் கால் தப்பியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை நான் சாகும்வரை சுமப்பேன். உயிர் பிழைத்தது ஆண்டவர் போட்ட பிச்சை. கார்த்திகையில் அவருடைய அண்ணன் வந்து, ஊன்றுகட்டையோடு ரயிலேற்றிக் கூட்டிப் போனார். இப்போது நானும் முட்டி வலித்தாலும் தரையில் உட்கார்ந்துதான் பேசுகிறேன். பட்டறையில் முதல் கேள்வி சாப்பாட்டைப் பற்றித்தான். சொல்ல ஒன்றுமில்லாமல் நிற்கிறவனின் ஜெபத்தையும் அவர் கேட்கிறார். வெறுங்கையோடு அவரிடம் போங்கள், சகோதரரே.

ஒன்று பாக்கி. சபை அறிக்கையில், 'நம் குழுவினர் ஒரு சகோதரரை மீட்டனர்' என்று ஒரே வரி. என் பேர் ஏன் இல்லை என்று போதகரைக் கேட்டேன். "தொரத்துனத எழுதுனா ஒங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதாங்கய்யா," என்றார். அதற்காகக் கண்டெடுத்ததையும் விட்டுவிடுவதா? மகிமை முழுக்க ஆண்டவருக்கு. ஆனால் போதகரே, அந்த வரியை அடித்துவிட்டு என் பேரைப் போட்டு எழுதுங்கள். அவரை ஓட ஓட விரட்டியவன் நான். தவழ்ந்து போய்க் கொண்டுவந்தவனும் நான். இரண்டையும் எழுதுங்கள்.