எட்டுப் பத்துக்கு வந்த தண்ணீர்

சிசிலியின் மலையூர் ஒன்றில் நான்கு நாளைக்கொரு முறைதான் குழாயில் தண்ணீர் வரும். எந்தத் தெருவுக்கு எப்போது சேரும் என்று கணினியில் கணிப்பது ஜெர்லாந்தோவின் வேலை. ஆறு வருடமாக அவன் கணக்கு மேல்தெருவில் மட்டும் பொய்த்தது.

உடன் வேலை பார்த்த வெனேரா நான்கே மாதத்தில் வேறொரு கணக்குப் போட்டாள். மாடி மாடியாக ஏறித் தொட்டிகளை எண்ணினாள்.

"குழாய் எப்பவும் நிரம்பியிருக்கும்னு நீ வச்சுக்கிட்ட. அது காலியாக் கிடக்கு ஜெர்லாந்தோ. அது நிரம்பணும், அப்புறம் கீழ்த்தெருத் தொட்டியெல்லாம் குடிச்சு முடிக்கணும். மிச்சம்தான் மேல. கீழ் வால்வை எட்டு மணி வரைக்கும் பாதி மூடு, எட்டுப் பத்துக்கு மேல்தெருவுல தண்ணி."

குடிநீர் அலுவலக இயக்குநர் அவள் தோளைத் தட்டினார். ஜெர்லாந்தோவுக்கு வயிறு எரிந்தது. இவ்வளவு எளிதான விஷயம் தனக்கு ஏன் தோன்றவில்லை?

சோதனையன்று மேல்தெருவில் பீனாவின் ரொட்டிக்கடை மாடியில் அவனைத்தான் நிறுத்தினார்கள். வராதே, வராதே என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டு நின்றான். எட்டுப் பத்துக்குத் தொட்டியில் தண்ணீர் சீறி விழுந்தது. பீனா கைதட்டிச் சிரித்தாள். அவன் ஒன்பது நாற்பது என்று எழுதினான்.

"ஒன்றரை மணி நேரம் தப்பு" என்று சொல்லி இயக்குநர் பழைய முறைக்கே திரும்பினார். அடுத்த முறை மேல்தெருவுக்குச் சொட்டுகூட வரவில்லை. பீனா மாவு பிசையவில்லை, கடை திறக்கவில்லை.

"என் பக்கத்துல நின்னு பார்த்தியேய்யா! அப்படியே வர விட்டா என்னவாம்?" என்று அவள் தெருவில் வைத்தே கேட்டாள்.

அன்றே வெனேராவின் மேசைக்குப் போனான். "எட்டுப் பத்துதான். நான் மாத்தி எழுதிட்டேன்."

அவள் முகம் சிவந்தது. "நாலு நாளா என் கணக்குல ஓட்டை தேடுறேன். எங்கிட்ட ஏன் சொல்ற? இயக்குநர்கிட்ட போய்ச் சொல்லு."

சொன்னான். அவனை ஊர்க்காரர்களின் புகார்களைப் பதியும் பிரிவுக்கு மாற்றினார்கள். அவள் சொன்னபடியே வால்வுகளைத் திருகினார்கள். மேல்தெருத் தொட்டிகள் நிரம்பின.

புதிய முறை பற்றி வெனேரா எழுதிய அறிக்கை அச்சாகி வந்தபோது, பழைய குழாய் வரைபடங்களைத் தயாரித்தவர் என்று அவன் பெயரையும் சேர்த்திருந்தாள். அதை இரண்டு முறை படித்தான். இத்தனைக்கும் பிறகு அவளுக்கு அப்படி எழுத மனம் வந்ததே என்று, அதற்கும் பொறாமைப்பட்டான்.