எட்டாகத் தெரிந்த மூன்று

பெயர்த்தகடு செய்யும் பட்டறையில் எழுத்து வரைபவரை எல்லோரும் ‘கட்டத்தார்’ என்றே அழைத்தனர். அவர் வரையும் எழுத்து ஒவ்வொன்றும் ஒரே அகலமுள்ள கட்டத்துக்குள் அடங்கியாக வேண்டும். ஒல்லியான எண் ஒன்றுக்கும் அதே கட்டம். பருத்த எட்டுக்கும் அதே கட்டம். முனைகளில் வால், கொக்கி எதுவும் கிடையாது. கோடுகள் தடித்துக் கண்ணில் அறையும்; ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால், எண்கள் நூல் பிடித்தாற்போல் நிற்கும்.

இரும்பை அழுத்தி வளைக்கும் தொழிற்சாலை ஒன்றில், பன்னிரண்டு இயந்திரங்களுக்கும் பொதுவாகப் புதிய சுவிட்சுப் பலகை மாட்டினார்கள். எண் தகடுகளைக் கட்டத்தார் வரைந்தார். தடித்த கோடுகளால் மூன்றின் இடப்புற இடைவெளிகள் மயிரிழையாகச் சுருங்கின. கட்டத்தை அகலமாக்க அவருக்கு மனம் வரவில்லை. வெள்ளைத்தாளில் பார்த்தார், மூன்று மூன்றாகவே தெரிந்தது.

பத்தே நாளில் எண்ணெய்ப் பிசுக்கு அந்த இடைவெளிகளை அடைத்துவிட்டது. எட்டாம் இயந்திரத்தை இயக்கச் சொன்னபோது, முதலில் கண்ணில் பட்ட ‘எட்டை’ மின்பணியாளர் அழுத்தினார். அது மூன்று. மூன்றாம் இயந்திரத்தினுள் சிக்கிய இரும்புத் தகட்டை உருவிக்கொண்டிருந்த தொழிலாளியின் வலக்கையை இயந்திரம் மணிக்கட்டுவரை நசுக்கியது. எலும்பு நொறுங்கிய ஓசை வாசல்வரை கேட்டதாம்.

மறுநாள் காலை, தொழிலாளியின் அண்ணன் பட்டறைக்குள் புகுந்து, கட்டத்தாரின் சட்டையைப் பிடித்து அவரைச் சுவரில் மோதவைத்தார்.

“நீதானேய்யா அந்த நம்பர வரைஞ்ச மகராசன்? எம் பொண்ணு ஒண்ணாங்கிளாஸ். அவ உன்னவிட நல்லா எழுதுவா!”

முதல் குத்தில் உதடு கிழிந்தது. இரண்டாவதில் பல் ஒன்று தெறித்தது. தடுக்க வந்த முதலாளி, ஒரே தள்ளலில் தாள்கட்டுகளின்மேல் மல்லாந்தார்.

“அடிங்கண்ணே, வேணாங்கல” என்றார் கட்டத்தார். “ஆனா அந்தத் தகடு இன்னும் பலகைலதான் இருக்கு. ரெண்டு மணிக்கு அடுத்த ஷிப்டு ஏறுது. மொதல்ல அதக் கழட்ட விடுங்க.”

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. “தப்பிச்சு ஓடலாம்னு பாக்குறியா?”

“நீங்களும் கூட வாங்க.”

பிடரியைப் பிடித்துத் தள்ளியபடியே அண்ணன் அவரைத் தொழிற்சாலைக்குக் கொண்டுசென்றார். பலகையின் குறுக்கே மேற்பார்வையாளர் நின்றார்.

“வேலை நிக்கும்யா. ஞாயித்துக்கிழமை வந்து கழட்டிக்கோ.”

கட்டத்தார் திருப்புளியுடன் முன்னேற, மேற்பார்வையாளர் அவர் கையை முறுக்கினார். அண்ணனின் முழங்கை மேற்பார்வையாளரின் மூக்கில் இறங்கியது. இரத்தம் வழியும் வாயோடு கட்டத்தார் மின்சாரத்தை நிறுத்தி, பன்னிரண்டு தகடுகளையும் பெயர்த்தெடுத்தார். அன்றைய ஷிப்டு ஏறவில்லை.

பட்டறைக்குத் திரும்பியதும் எல்லா எண்களுக்கும் கட்டத்தை அகலமாக்கினார். மூன்றின் நடுக்கோட்டைக் குறுக்கினார். வெட்டி வந்த தகடுகளில் அண்ணன் தாமே மசகெண்ணெயைப் பூசி, இருபதடி தள்ளி நின்று பார்த்தார். ஆறு அடைத்துக்கொண்டது. சுத்தியலை எடுத்து அதை அடித்து நெளித்தார். மறுபடி வெட்டினார்கள், ஒன்பது தேறவில்லை. அதுவும் நொறுங்கியது.

மூன்றாம் முறை எல்லாம் தெரிந்தன.

“தம்பியோட கை எப்படிண்ணே இருக்கு?” என்றார் கட்டத்தார், வீங்கிய வாயால்.

“காலைலயே எடுத்துட்டாங்க” என்ற அண்ணன், தகடுகளை ஈரத்துணியால் துடைத்துப் பைக்குள் அடுக்கத் தொடங்கினார்.