மெதுவாக்கிய வால்ட்ஸ்

கடைசியாக அப்பாவும் நானும் சேர்ந்து செய்த வேலை, ஒரு வால்ட்ஸ் இசையின் வேகத்தைக் குறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. சமையலறை மேசையில் என் மடிக்கணினி, பக்கத்தில் அவருடைய சின்ன ஒலிபெருக்கி. நாடா ஓடிய காலத்தில் வேகத்தைக் குறைத்தால் சுருதியும் இறங்கிவிடும். வயலின் மாடு கத்துவது போல் கேட்கும். இப்போது சுருதியைத் தொடாமல் வேகத்தை மட்டும் குறைக்கலாம். நான் தலைநகருக்குப் பக்கத்தில் லகூனாவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பரிசோதனைப் பொறியாளர். விடுப்பில் வந்தவளை உட்கார்த்தி வைத்துவிட்டார்.

"இன்னும் கொஞ்சம் கொற, இண்டாய்."

எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளை இண்டாய் என்றுதான் கூப்பிடுவார்கள். குறைத்தேன். அவர் இடது காலை லேசாக இழுத்தபடி, ஒன்று இரண்டு மூன்று என்று மேசையைச் சுற்றினார். இல்லாத ஜோடியின் தோளில் ஒரு கை.

அம்மா அரிசி களைந்துகொண்டே, "கல்யாணத்தன்னிக்கு என்கூட ஆடச் சொன்னதுக்கு வயித்து வலின்னு உக்காந்தவரு. இப்ப சட்டிபானையோட ஆடுறாரு" என்றாள்.

"சட்டிபானை கால மிதிச்சா திட்டாது" என்றார் அப்பா. நின்று மூச்சு வாங்கினார். "இதான் சரி. இந்த வேகத்துல அவளால திரும்ப முடியும்."

அவள் என்றது ஜாசெலை. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வரும் பதினோராம் வகுப்புப் பெண். சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்ததில் முட்டி நேராகச் சேரவில்லை. பிப்ரவரியில் பள்ளியில் நடக்கும் ப்ராம் விருந்தில், தொடக்கமாக ஜோடி ஜோடியாக ஆடும் கொட்டில்யோனில் ஆட வேண்டும் என்பது அவள் ஆசை. கொடிக்கம்பத்தடியில் பையன்களையும் பெண்களையும் உயரப்படி நிறுத்தி ஜோடி சேர்த்தபோது அவளுக்கும் ஒரு ஜோடி கிடைத்துவிட்டது. தடை சொன்னது அவளுடைய அப்பா மெலெசியோ மட்டும்தான். அதற்குக் காரணம் என் அப்பா.

என் அப்பா எலியோதோரோ வாடகை டிரைசைக்கிள் ஓட்டினார். பள்ளி நிகழ்ச்சிகளுக்கு ஒலிபெருக்கி போட்டார். மாணவர்களுக்கு அவர் மனோங் டோரோ, அதாவது டோரோ அண்ணன். அவர் அந்தப் பள்ளியில் படித்தபோது இதே கொடிக்கம்பத்தடியில் வரிசையில் நின்றவர். பையன்கள் அதிகம்; எல்லாரையும் விடக் குள்ளமான அப்பா மிஞ்சிப்போனார். சும்மா நிற்க வேண்டாமென்று இசைத்தட்டு போடச் சொன்னார்கள். அந்த வேலையிலேயே தங்கிவிட்டார்.

அடுத்து வந்த கலைநிகழ்ச்சியில் அம்மா பாடினாள். மைக் கம்பி நடுவில் அறுந்துவிட்டது. பாட்டு முடியும்வரை அப்பா இரண்டு முனைகளையும் விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மேடை ஓரத்தில் குந்தியிருந்தார். அந்த ஆம்பிளிஃபயருக்கு எர்த் கிடையாது. கையில் ஷாக் அடித்துக்கொண்டே இருந்திருக்கும்.

"கை நடுங்குச்சு. என்னைப் பாத்துத்தான்னு நெனச்சேன்" என்பாள் அம்மா. "கரண்டுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. அதுக்குள்ள நீ பொறந்துட்ட."

ஆண்டுதோறும் ப்ராம் ஒத்திகை தொடங்கியதும் அப்பா சவாரியை விட்டுவிட்டுப் பள்ளி மைதானத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். எந்த ஜோடி எல்லாரையும் விட மெதுவாகத் திரும்புகிறது என்று பார்ப்பார். அந்த ஜோடிக்கு ஏற்றபடி இசையின் வேகத்தை வைப்பார். நடனம் பழக்கும் சொரோங்கோன் மேடம், "டோரோ, ஒரு பாட்டு முடியறதுக்குள்ள முழு ஜெபமாலையும் சொல்லிடலாம் போலிருக்கே" என்பார். ஆனாலும் மாற்றச் சொன்னதில்லை. எங்கள் ஊர்க் கொட்டில்யோனில் யாரும் தனியாகப் பின்தங்கியதில்லை.

போன அக்டோபரில், பள்ளி நிறுவன நாளில் மட்டும் அது தவறிவிட்டது.

ஜாசெலின் வகுப்பு ஒரு குழு நடனம் வைத்திருந்தது. அப்பா அதையும் மெதுவாக்கித் தந்திருந்தார். பாதி ஆட்டத்தில் மின்சாரம் போனது. ஜெனரேட்டரைக் கிளப்பிவிட்டு ஓடி வந்தவர், அவசரத்தில் வேகம் குறைக்காத மூலப்பாட்டைப் போட்டுவிட்டு மறுபடி ஜெனரேட்டரைப் பார்க்கப் போய்விட்டார். எல்லாரும் வலது பக்கம் திரும்பியபோது ஜாசெல் இன்னும் இடது பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்வரிசை சிரித்தது. யாரோ கைபேசியில் எடுத்தார்கள். முன்வரிசையில் இருந்த மெலெசியோ எழுந்து மேடைக்குப் போய் மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அப்பா திரும்பி வந்தபோது பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தக் காலை வச்சுக்கிட்டு ஆட்டம் எதுக்கு?" என்று மெலெசியோ வீட்டில் சொன்னதாக அப்பா கேள்விப்பட்டார். அவரிடம் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையும், நான் கோப்பைச் சேமித்துக்கொண்டிருந்தபோது, சுவரைப் பார்த்து ஒத்திகை பார்த்தார்.

"மெலெசியோ, உன் பொண்ணு கால்ல தப்பு இல்ல. தப்பு என் கைல." என் பக்கம் திரும்பினார். "இப்படிச் சொன்னாப் போதுமா?"

"போதும்பா."

"போதாது. பாட்டையும் போட்டுக் காட்டணும். மெதுவாக்குனது, மெதுவாக்காதது, ரெண்டையும். அப்பதான் வித்தியாசம் தெரியும். புதன்கிழமை போறேன்."

செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் மருத்துவர்.

வாசலில் தார்ப்பாய் கட்டி, எங்கள் ஊர்த் துக்க வீட்டு வழக்கப்படி சீட்டாட்டமும் காப்பியும் பிஸ்கட்டுமாக இருந்தபோது ஜாசெல் பள்ளிச் சீருடையில் வந்தாள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் சற்று நேரம் நின்றாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"அக்கா, மனோங் டோரோ எங்க வீட்டுக்கு வர்றேன்னு சொல்லியிருந்தாரு."

"தெரியும். பாட்டு மாறிப்போச்சுன்னு உங்கப்பாகிட்ட நீயே சொல்லலியா?"

"சொன்னேன். நான் ஆடணும்னு கதை விடுறேன்னாரு. 'நெசம்னா டோரோ வந்து சொல்லட்டும்'னாரு." காப்பிக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என் ஜோடிக்கு வேற பொண்ணப் பாக்கவான்னு மேடம் கேக்குறாங்க. அடுத்த வாரம் சனிக்கிழமை ப்ராம்."

"என்ன சொன்ன?"

"அடக்கம் முடிஞ்சு ரெண்டு நாள் பொறுங்கன்னேன்."

திங்கட்கிழமை அடக்கம் முடிந்தது. அன்றிரவு ஒலிபெருக்கிப் பெட்டிகளைத் துடைத்து, கம்பிகளைச் சோதித்தேன். எல்லாம் சரியாக இருந்தன. சனிக்கிழமை அவற்றை நான்தான் ஓட்டப்போகிறேன். மேடத்திடம் சொல்லிவிட்டேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "எர்த் பாத்தியா?" என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன்.

செவ்வாய் காலை சின்ன ஒலிபெருக்கியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு படகுத்துறைக்குப் போனேன். படகுக்காரருக்கு என்னைத் தெரியும். தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"உங்கப்பா இதே எடத்துலதான் நிப்பாரு. அக்கரைக்குத்தானேன்னு கேப்பேன். ஆமாம்பாரு. அப்புறம் மீனைப் பாத்துட்டு, ரெண்டு பாங்குஸ் வாங்கிக்கிட்டு வீட்டப் பாக்கப் போயிடுவாரு. எத்தன வாட்டி."

எங்கள் வீட்டில் நவம்பர், டிசம்பர் முழுக்க பாங்குஸ் குழம்பு. ஏனென்று அம்மாவுக்கும் தெரியாது.

"நீயும் மீனுதானா?" என்றார்.

"இல்ல. மெலெசியோ வீட்டுக்கு."

அவர் நகர்ந்து இடம் விட்டார். ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு பாட்டுகளும் அதில் இருக்கின்றன. டோரோ வந்து சொல்லட்டும் என்றவரிடம், டோரோ சொல்ல வேண்டியது இன்னும் சொல்லப்படாமல் இருக்கிறது.